நடுக்கம் நின்ற வருடம்

என் கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தபோது நான் அழவில்லை. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவருக்கு அது இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஒட்டன்சத்திரத்தில், கேரளாவுக்குக் காய்கறி ஏற்றி அனுப்பும் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். நான் ஊருக்குள் ஒரு டைப் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இனிப்பை நிறுத்த வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், இரண்டு வேளை மாத்திரை போட வேண்டும், அவ்வளவுதானே, இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நோயில் எங்களுக்கு நெருங்கிப் பழக்கமானது சர்க்கரை கூடுவதல்ல, குறைவதுதான். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால் போதும், அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். நெஞ்சு படபடக்கும். "ஏ புள்ள, வந்துருச்சு" என்று அடுப்படி வாசலில் வந்து நிற்பார். ஒரு டம்ளர் தண்ணீரில் சீனியைக் கலக்கிக் கொடுப்பேன். குடித்துவிட்டுச் செத்த நேரம் சுவரில் சாய்ந்திருப்பார். பிறகு எதுவுமே நடக்காதது மாதிரி, சோத்துக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்பார். ஆபீசிலும் அப்படித்தான். எழுதும்போது பேனா ஆடினால் பக்கத்து டீக்கடையிலிருந்து சீனி தூக்கலாக ஒரு டீ தானாக வந்துவிடும். அந்த நடுக்கத்தை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. அழையாமல் வந்து, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போகிற சொந்தக்காரர் மாதிரி அது வந்து போய்க்கொண்டிருந்தது.

பிரஷர் வந்தபோதுதான் அழுதேன்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். பின்மண்டை வலிக்கிறது என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரை டவுனில் நாங்கள் எப்போதும் பார்க்கும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் இவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை பார்த்தார். பிறகு இவரிடம் பேசாமல் என்னிடம் பேசினார். சர்க்கரை தனியாக இருந்தால் ஒரு மாதிரி, பிரஷர் தனியாக இருந்தால் ஒரு மாதிரி, இரண்டும் சேர்ந்தால் கிட்னியும் கண்ணும் மூளையும் தாங்காது என்றார். மூளை என்ற சொல்லோடு என் காது அடைத்துக்கொண்டது.

என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தவர். ஆத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில், வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவரை நான்கு பேர் தூக்கிவந்து போட்டார்கள். அப்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவர் எழவில்லை, பேசவில்லை, சாகவும் இல்லை. பல வருடம் கிடந்தார். அம்மா களத்துக்குப் போகிற நாட்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டி, வாய் துடைத்து, கீழே துடைத்து, பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடியவள் நான். என் அப்பாவின் மீது எனக்குப் பாசம் இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் எனக்கு அந்தக் கட்டிலின் மீது வெறுப்புத்தான் இருந்தது. அதனால் டாக்டர் வீட்டுப் படியிலிருந்து இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். எது வேண்டுமானாலும் வரட்டும், இந்த மனுசன் அப்படி ஒரு கட்டிலில் போய் விழக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முதலில் உப்பில் கை வைத்தேன். ஊறுகாய் ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். கருவாடு வாங்குவதை நிறுத்தினேன். அப்பளம், வத்தல், உப்பு பிஸ்கட் எல்லாம் வீட்டுக்குள் வரக்கூடாது. சர்க்கரைக்காக அவர் இனிப்பை விட்டபோது அந்த இடத்தை முழுக்க உப்புதான் பிடித்திருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காப்பிக்குப் பதில் உப்புப் போட்ட மோர், பழத்துக்குப் பதில் மிளகாய்த் தூள் தூவிய மாங்காய், கல்யாண வீட்டில் எல்லோரும் பாயசம் குடிக்கும்போது அவர் இலையில் மட்டும் இரண்டு கரண்டி ஊறுகாய். இப்போது அதையும் பிடுங்குகிறேன் என்றால் மனுசன் சும்மா இருப்பாரா. முதல் நாள் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்கப்பன் வீட்ல உப்புக்குமா பஞ்சம்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு பிரஷர் ஏறும். அதுதான் அந்த நோயின் பெரிய கொடுமை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போட்டே வாழ்ந்தவர்கள். சண்டைதான் எங்கள் வீட்டில் பேச்சு. டாக்டர் அவரைக் கோபப்பட விடாதீர்கள் என்று சொன்ன நாளிலிருந்து என் வாயில் பூட்டு விழுந்தது. அவர் கத்துவார், நான் பாத்திரம் கழுவுவேன். அவருக்கு அது இன்னும் எரிச்சல். இப்படி ஊமையா நிக்கிறதுக்கு நாலு வார்த்தை திட்டிரு என்று கெஞ்சுகிற நிலைக்கு வந்துவிட்டார். மதியத்துக்கு நான் கட்டிக் கொடுத்த கேரியரை அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று ரொம்ப நாள் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆபீஸ் மேசை இழுப்பறையில் ஒரு உப்புப் பொட்டலம் வைத்திருக்கிறார் என்று பிறகு அவரே சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முருங்கைக்கீரை நல்லது, பூண்டைச் சுட்டுத் தின்னச் சொல், வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தால் இரண்டும் போகும். எல்லாவற்றையும் செய்தோம். பிரஷர் மட்டும் இறங்கவில்லை. டாக்டர் முதலில் எழுதிக்கொடுத்த மாத்திரையில் அவருக்கு வறட்டு இருமல் பிடித்தது. பஸ்ஸில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், தூக்கத்தில் என்று எந்நேரமும் இருமல். சளி மருந்து வாங்கிக் குடித்து ஓய்ந்த பிறகுதான் அந்த மாத்திரைக்கே அப்படி ஒரு குணம் உண்டு என்று தெரிந்தது. சரி, வேறு தருகிறேன் என்று டாக்டர் சின்னதாக, வெள்ளையாக இன்னொன்றை எழுதினார். வெளியே அத்தனை கூட்டம். அடுத்த ஆள் உள்ளே வந்து நிற்கிறார். ஒரு நாள்கூட இதை விட்டுவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று மட்டும் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை. இதை நான் எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த மாத்திரை கேட்டது. ஒரு மாதத்தில் பிரஷர் இறங்கியது. பின்மண்டை வலி போனது. அவருடைய கோபம்கூடத் தணிந்த மாதிரி இருந்தது. லோடு ஏற்றுகிற இடத்தில் எத்தனை கூச்சல் போட்டாலும் நெஞ்சு பதறமாட்டேன் என்கிறது என்றார். அதைவிட ஆச்சரியமாக, கை நடுக்கமும் நின்றுபோனது. சாப்பாடு தள்ளிப்போனாலும் நடுங்குவதில்லை. டீக்கடைக்காரர், என்ன சார், இப்பல்லாம் நம்ம டீயே வேண்டியதில்லையா என்று கேட்டாராம். ஒரே மாத்திரை பிரஷரையும் இறக்கிச் சர்க்கரையையும் ஒழுங்குபடுத்திவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். எங்கள் மாதா கோயிலில் நன்றிக்கு ஒரு பூசை கொடுத்தோம். பங்குச் சாமியார் பீடத்தில் நின்று எங்கள் குடும்பத்துக்காக வேண்டியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கட்டில் இனி நம் வீட்டுக்கு வராது என்று நம்பினேன்.

இங்கே அவருடைய ஒருசந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்களவர்கள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருப்பார்கள். அதுதான் ஒருசந்தி. அதிலும் ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளிக்கிழமை அன்று சிலுவைப் பாதை முடிகிறவரை பச்சைத் தண்ணீரோடு இருப்பார்கள். அவர் சின்ன வயதிலிருந்து அதை விட்டதில்லை. சர்க்கரை வந்த பிறகு முடியாமல் போயிற்று. ஒவ்வொரு வருடமும் ஆரம்பிப்பார், பதினோரு மணிக்கெல்லாம் கை ஆட ஆரம்பித்துவிடும், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இட்லி தின்பார். நோயாளிக்கு ஒருசந்தி கடமை இல்லை என்று சாமியாரே சொல்லிப் பார்த்தார். அவருக்கு மனசு ஆறவில்லை. ஊரே பட்டினி கிடக்கும்போது நான் மட்டும் வயித்த ரொப்பிக்கிட்டு நிக்கிறேன் என்று புலம்புவார். மற்ற நாளில் கோயில் பக்கம் பெரிதாகத் தலைகாட்டாத மனுசனுக்கு அந்த ஒரு பட்டினி மீது மட்டும் அப்படி ஒரு பிடிவாதம்.

நடுக்கம் நின்ற வருடம் தவக்காலம் தொடங்கியதும் அவர் முகத்தில் ஒரு களை வந்தது. முதல் வெள்ளி காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறினார். மதியம் வரை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. "நடுக்கமே இல்ல புள்ள. ஆண்டவர் எனக்கு ஒருசந்தியத் திருப்பிக் குடுத்துட்டாரு" என்றார். எனக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. உடம்பு தாங்காவிட்டால் கைதான் சொல்லிவிடுமே என்று இருந்தேன். அத்தனை வருடம் சொன்ன கை.

பெரிய வெள்ளி அன்று காலையில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ள இரண்டு மாத்திரையையும் தண்ணீரோடு கொடுத்தேன். ஒரு நாள்கூட விடக்கூடாது என்பது கட்டளை. படிப்பவர்கள் நான் இந்த இடத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். சொன்னதைச் செய்தேன். சொல்லாததை எங்கே போய்த் தெரிந்துகொள்வேன்.

சிலுவைப் பாதை எங்கள் பங்குக் கோயில் சார்பில் ஊருக்கு வெளியே, சித்தையன்கோட்டைப் பக்கம் போகும் வழியில் ஒரு சின்னக் கரட்டுக் குன்றில் நடக்கும். கீழிருந்து உச்சி வரை, ஆண்டவர் பட்ட பாடுகளைச் சொல்லும் பதினான்கு ஸ்தலம். ஒவ்வொன்றிலும் நின்று வாசித்து, முழங்கால் போட்டு, எழுந்து நடக்க வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பங்குனி வெயில். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. எல்லோருடைய சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது. அவருடைய சட்டையும் ஒட்டியிருந்தது. அந்த வெயிலில் ஒருவருக்கு வேர்க்கிறது என்பதை யார் கவனிப்பார்கள்.

பாதி ஏறிய பிறகு ஒரு ஸ்தலத்தில் எல்லோரும் முழங்கால் போட்டோம். வாசகம் முடிந்து எழுந்தோம். அவர் எழவில்லை. குனிந்த தலையோடு, முன்னால் இருந்த கல்லின் மீது இரண்டு கையையும் ஊன்றி அப்படியே இருந்தார். எனக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. ஆண்கள் அவரை இடிக்காமல், ஒதுங்கி ஒதுங்கி மேலே ஏறினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு அக்கா என் கையைத் தொட்டு, "என்னமா உருகிப்போயி வேண்டுறாரு பாரு. குடுத்து வச்சவ நீ" என்றார். பெரிய வெள்ளி அன்று முழங்காலில் இருப்பவரை யாரும் தொடமாட்டார்கள். தொடுவது பாவம் என்று இல்லை, ஒரு மரியாதை. அந்த மரியாதையில் ஊரே அவரைக் கடந்து போயிற்று. நானும் பெண்களோடு அடுத்த ஸ்தலத்துக்கு ஏறினேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன், அப்படியே இருந்தார். அதற்கடுத்த ஸ்தலத்திலிருந்தும் பார்த்தேன். அப்போது அவர் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டிருந்தார்.

நான் இறங்கி ஓடினேன். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. உடம்பு தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி நனைந்து, தொட்டால் சில்லென்று இருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்த்தேன். பிரஷர் ஏறிருச்சு, பிரஷர் ஏறிருச்சு என்று கத்தினேன். கூட்டமும் அதையே சொன்னது. யாரோ ஒரு பெண் பையிலிருந்து குளிர்பான பாட்டிலை எடுத்துத் திறந்தாள், உதட்டையாவது நனைக்கலாம் என்று. தெரிந்தவர் ஒருவர் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டார். "அவரு சுகர் ஆளும்மா. இனிப்பு ஆகாது." பாட்டில் கீழே விழுந்து அந்த இனிப்புத் தண்ணீர் பாறையில் ஓடியது. தட்டிவிட்டவருக்கு நான் நன்றி சொன்னேன்.

ஒரு வேனில் போட்டு டவுனுக்குக் கொண்டுவந்தோம். முதலில் போன ஆஸ்பத்திரியில் நான் பிரஷர், பிரஷர் என்று அலறியதைக் கேட்டு பட்டையைச் சுற்றினார்கள். பிரஷர் சரியாக இருந்தது. அப்படியென்றால் தலைக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். விடுமுறை நாள். ஸ்கேன் எடுக்கிற ஆளை வீட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. காத்திருந்தோம். ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. பிறகு மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே டூட்டியில் இருந்த பெண் டாக்டர் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். அடுத்த நிமிடம் அந்த அறையில் எல்லோரும் ஓடினார்கள். குளுக்கோசை ஊசியில் இழுத்து நேராக நரம்பில் ஏற்றினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவள்தான் எனக்கு விளக்கிச் சொன்னாள். என் மாத்திரைப் பையைக் கொட்டி, அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை எடுத்துக் காட்டினாள். நல்ல மாத்திரைதான், நிறையப் பேருக்குக் கொடுப்பதுதான் என்றாள். ஆனால் இதைப் போட்டுக்கொள்கிற சர்க்கரைக்காரர்களுக்குச் சர்க்கரை குறைந்தால் கை நடுங்காது, நெஞ்சு படபடக்காது. வேர்வை மட்டும்தான் வரும். சர்க்கரை குறைவது நிற்கவில்லை, குறைகிறது என்று சொல்வதுதான் நின்றுபோனது. "இத ஒங்களுக்கு யாருமே சொல்லலையாம்மா?" என்று கேட்டாள்.

அவள் வெளியூரில் இருக்கும் என் மகள் வயதுதான் இருப்பாள். அவள் மீது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள் செய்த ஒரே தப்பு எனக்கு அதைச் சொன்னதுதான். திண்டுக்கல்லுக்குத் திரும்பிய பிறகு பழைய டாக்டரிடம் போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தேன். போனேன். வெளியே பெஞ்சில் வழக்கம்போல் கூட்டம். எத்தனையோ பேர் கையில் மாத்திரைப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது. இப்போது நினைத்தால், எனக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பெஞ்சில் இருந்தவர்களுக்காகவாவது கேட்டிருக்கலாம். அன்று என்னிடம் அந்தத் தெம்பு இல்லை.

அவர் கட்டிலில் விழவில்லை. நான் கேட்டது அப்படியே கிடைத்தது. சில வாரங்களில் எழுந்து உட்கார்ந்தார், நடந்தார், தானே சாப்பிட்டார். கை கால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. பார்ப்பவர்கள், ஆண்டவர் கைவிடவில்லை, ஆளை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்கிறார்கள். சர்க்கரை இல்லாமல் அத்தனை நேரம் கிடந்த மூளையில் எது எது அழிந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். ஒட்டன்சத்திரம் போகும் பஸ் தெரியாது. போட்ட லோடு தெரியாது. வெளியூரிலிருந்து போனில் பேசும் மகளின் குரலைக் கேட்டு, நல்ல பிள்ளையாக இருக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை என்பார். முன்னெல்லாம் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுத்த மனுசன் இப்போது எதற்கும் கோபப்படுவதில்லை. வேண்டுமென்றே ஒரு நாள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். மாத்திரையை மாற்றிவிட்டார்கள். போன மாதம் நர்ஸ் பட்டையைச் சுற்றி, காற்றை அழுத்தி, குறித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிரஷர் ரொம்ப நன்றாக இருக்கிறது, சர்க்கரையும் அளவாக இருக்கிறது, நீங்கள் பார்த்துக்கொள்வதுபோல யாரும் பார்த்துக்கொள்வதில்லை அம்மா என்றாள். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு அவளுக்குக் கும்பிடு போட்டார். வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"எனக்காக இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக. ஒங்க வீட்ல ஒங்களத் தேட மாட்டாகளாம்மா?"

"தேட மாட்டாக. வாங்க, ஆட்டோ வந்துருச்சு" என்றேன்.